பாய்கிற சேவல்: பழக்குவதா, பிரிப்பதா, அனுப்புவதா?

வீட்டில் வளர்க்கிற சேவல் ஆட்கள் மேல் பாய ஆரம்பித்தால் போதும், ஆளுக்கொரு வழி சொல்ல வந்துவிடுவார்கள். தூக்கி வைத்துக் கொஞ்சினால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். தரையோடு அமுக்கிப் பிடித்து யார் பெரியவன் என்று காட்டு என்பார் இன்னொருவர். காலில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை வெட்டு, தனியாக அடை, யாருக்காவது கொடுத்துவிடு, அறுத்துவிடு என்று பட்டியல் நீளும். இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்கிற ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லும் வழி பலித்திருக்கும். அடுத்த வீட்டில் அதே வழி துளியும் பலித்திருக்காது. 'முரட்டுச் சேவல்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது வேறு வேறு சிக்கல்களை என்பதால்தான் இந்தக் குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது "இதை எப்படித் திருத்துவது" என்பதல்ல, "இது நமக்கு எதற்கு" என்பதுதான். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாவிட்டாலும் முட்டை குறையாது, அதிலிருந்து குஞ்சு மட்டும் வராது. ஆக, சேவல் வைத்திருக்க உருப்படியான காரணம் இரண்டுதான். ஒன்று, குஞ்சு பொரிக்க வேண்டும். இன்னொன்று, கோழிகள் வெளியே மேயும்போது பருந்தோ நாயோ வந்தால் முதலில் குரல் கொடுக்க ஒரு காவல் வேண்டும். மூன்றாவதாக அழகுக்கு என்று யாராவது சொன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல சேவல் ஒன்று நிமிர்ந்து நடப்பதைப் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் அந்தச் சுகத்துக்காக முட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் கம்போடு போக வேண்டியிருந்தால், கணக்கு எங்கோ இடிக்கிறது.

யார் மேல் பாய்கிறது?

சேவல் மூன்று தரப்பார் மேல் பாயலாம்: இன்னொரு சேவல், பெட்டைகள், மனிதர்கள். மூன்றும் ஒரே குணம், அளவுதான் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சுசான் மில்மன், இயன் டங்கன் ஆகியோர் செய்து 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இறைச்சிக் கோழிக்கான தாய்க்கூட்டங்களில் வளர்க்கப்படும் இனச் சேவல்கள் பெட்டைகளை விரட்டிக் காயப்படுத்தின. மற்ற சேவல்களோடு கடுமையாக மோதும் சண்டை இனச் சேவல்களோ பெட்டைகளிடம் அந்த முரட்டுத்தனத்தைக் காட்டவில்லை. அசில் என்ற சண்டை இனக் கோழியை வளர்ப்பவர்களைக் கேட்டாலும் இதற்கு ஒத்த ஒன்றைத்தான் சொல்வார்கள்: இன்னொரு சேவலைக் கண்டால் விடாது, வளர்க்கிறவர் கையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

சேவலுக்கும் சேவலுக்கும் சண்டை என்றால் அது இட நெருக்கடியும் எண்ணிக்கையும் சார்ந்த விஷயம். இரண்டு சேவல், ஐந்து பெட்டை, ஒரு சிறு அடைப்பு என்றால் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்றைக் குறையுங்கள். இதற்கு மேல் யோசிக்க அதிகம் இல்லை.

பெட்டைகளைப் படுத்துகிற சேவல் என்றால் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா, கொண்டைக்குப் பின்னால் பிடரியில் ரத்தக் காயம் இருக்கிறதா, பகலிலும் சில பெட்டைகள் கம்பை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பெட்டை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால், எவ்வளவு நல்ல சேவலாக இருந்தாலும் அதே மூன்றைத்தான் திரும்பத் திரும்ப மிதிக்கும். இங்கே சேவலின் குணத்தைத் திருத்தப் போவது வீண் வேலை. பெட்டைகளைக் கூட்ட வேண்டும், அல்லது சேவலைப் பிரிக்க வேண்டும். தோல் தெரியும் பெட்டைக்குத் துணியில் முதுகு உறை தைத்துப் போட்டால் இறகு முளைக்கும் வரை தாங்கும்.

வயதும் உண்டு. நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வரும் இளஞ்சேவலுக்கு ஆசை முதலில் வந்துவிடும், முறை பிறகுதான் வரும். நல்ல சேவல் தீனி கண்டால் தான் தின்னாமல் 'கொக் கொக்' என்று பெட்டையைக் கூப்பிடும், தீனியைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டுக் காட்டும், சிறகைத் தாழ்த்திச் சுற்றி வரும், அப்புறம்தான் ஏறும். இளசு இதையெல்லாம் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடரியைக் கவ்வும். வயதில் மூத்த பெட்டைகள் இருக்கும் கூட்டமாக இருந்தால் அவை இரண்டு போடு போட்டு அடக்கிவிடும். ஒரே வயதுக் குஞ்சுகளாக வாங்கி வளர்த்த கூட்டத்தில் இந்தப் பாடம் கிடைக்காது. அங்கே இளஞ்சேவலைச் சில மாதம் தனியே வைத்து, பெட்டைகள் நன்றாக வளர்ந்த பிறகு சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

மீதி இருப்பது மனிதர்கள் மேல் பாயும் சேவல். வழிகளை ஒப்பிட வேண்டியிருப்பது இங்கேதான்.

பாய்வதற்கு முன் என்ன செய்கிறது

சேவல் திடீரென்று பாய்ந்தது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய அரை நிமிடத்தைப் பார்க்காதவர்கள். முதலில் பக்கவாட்டில் திரும்பி நின்று ஒரு கண்ணால் பார்க்கும். ஒரு சிறகு தாழும், இறகு நுனி தரையை உரசச் சின்னச் சின்ன அடியாக வைத்து உங்களைச் சுற்றி அரைவட்டம் போடும். "பாருங்க, டான்ஸ் ஆடுது" என்று வீட்டில் சிரிப்பார்கள். அப்புறம் தலையைக் குனிந்து தரையைக் கொத்தும், அங்கே தீனி எதுவும் இருக்காது. கழுத்து இறகு சிலிர்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஓர் அடி பின்னால் வைத்தாலோ, முதுகைத் திருப்பினாலோ, இரண்டு காலையும் முன்னால் நீட்டி எம்பும்.

எதைக் கண்டு எம்புகிறது என்பதையும் குறித்து வையுங்கள். புதுச் செருப்பு, காற்றில் படபடக்கும் புடவைத் தலைப்போ லுங்கியோ, கையில் ஆடுகிற வாளி, துடைப்பம், ஓடுகிற குழந்தை எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் ஒரு பெட்டையைப் பிடித்து அது கத்தினால் வரும் பாய்ச்சல் வேறு வகை, அது காவல் வேலை. அதற்குத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை. பெட்டைகளைச் சேவலின் கண்ணில் படாமல், அல்லது கோழிகள் அடைந்த பிறகு இருட்டில் பிடித்தால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும்.

நேற்று வரை சாதுவாக இருந்த வயதான சேவல் திடீரென்று கொத்த ஆரம்பித்தால், எந்த வழியையும் யோசிக்கும் முன் உடம்பைச் சோதியுங்கள். ஒரு கண் மங்கியிருக்கலாம், பாதத்தில் கட்டி இருக்கலாம், ஆசனவாயைச் சுற்றி இறகுக்குள் பேன் மொய்த்துக் கிடக்கலாம்.

முதல் வழி: பழக்குவது

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சேவலை அடக்கச் சொல்கிறது. பாய்ந்ததும் பிடித்து, தலையையும் உடம்பையும் தரையோடு அமுக்கி, அது திமிறுவதை நிறுத்தும் வரை விடாதே என்பார்கள். இன்னொரு கட்சி, சண்டைக்கே இடம் கொடுக்காதே என்கிறது.

அடக்கும் வழி சில இளஞ்சேவல்களிடம் வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சேவலின் பார்வையில் நீங்கள் செய்தது என்ன? சண்டைக்கு வந்த இன்னொரு சேவல் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். தோற்ற சேவல் சில நாள் ஒதுங்கும், உடம்பும் முள்ளும் கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பக் கேட்டுப் பார்க்கும். உதைப்பதும் கம்பால் அடிப்பதும் இதைவிட மோசம். அடிபட்ட சேவல் பயத்தில் பாயும், பயத்தில் பாய்வது நிமிடத்தில் முடியாது. தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, குடல் எல்லாம் சரிந்து காற்றுப் பைகளை அழுத்தும், மூச்சு திணறும். அமைதியாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரம் திணறல்தான்.

அடக்கும் வழியில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கோழிகளுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு என்பதை 1920-களின் தொடக்கத்தில் முதலில் விவரித்து எழுதியவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டரூப் எப்பே. அந்த வரிசை கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படுவதில்லை. இரண்டிரண்டு கோழிகளாக, யார் யாரைக் கொத்தலாம் என்று தனித்தனியே தீர்மானமாகிறது. சேவலுக்கும் உங்களுக்கும் தீர்ந்த கணக்கு சேவலுக்கும் உங்கள் ஏழு வயதுப் பெண்ணுக்கும் தீர்ந்ததாகாது. அப்பா வந்தால் ஒதுங்கி நிற்கும் சேவல், அப்பா உள்ளே போனதும் பாட்டியைத் துரத்துவதற்குக் காரணம் இதுதான். சேவலுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும்.

அமைதியான வழி மெதுவானது, ஆனால் வீட்டில் எல்லாப் பெரியவர்களாலும் செய்ய முடியும். கனமான பேன்ட், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கையில் பெரிய தட்டு, வாளி மூடி எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், அடிக்க அல்ல, குறுக்கே பிடிக்க. சேவல் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் நின்றுவிடுங்கள். ஓடவும் வேண்டாம், முன்னேறித் துரத்தவும் வேண்டாம். பாய்ந்தால் மூடியில் முட்டிக்கொள்ளட்டும். இரண்டு மூன்று முறை எம்பிவிட்டு, அது வேறு பக்கம் திரும்பித் தரையைக் கிளற ஆரம்பிக்கும் வரை அசையாமல் நில்லுங்கள். அது விட்டுவிட்டுப் போன பிறகுதான் நீங்கள் நகர வேண்டும். முதல் நாள் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். நீங்கள் முதலில் நகர்ந்தால் அன்றைய பாடம் அதற்குச் சாதகமாக முடிந்தது என்று அர்த்தம்.

மற்ற நேரங்களில் கூண்டுக்குள் நடக்கும்போது சேவலைச் சுற்றிப் போகாதீர்கள், அது நிற்கும் வழியிலேயே நிதானமாக நடங்கள், அது விலகட்டும். தீனியை உங்கள் காலடியில் தூவுங்கள். கையில் வைத்து ஊட்ட வேண்டாம். கையில் ஊட்டி, மடியில் போட்டு, தனியாகக் கொஞ்சி வளர்த்த குஞ்சுதான் சேவலானதும் பயமே இல்லாமல் முகத்துக்கு நேரே வரும். இதைச் செல்லமாக வளர்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கிற கதை இது.

தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பது இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கும் வழி. சிறகு இரண்டும் விரல்களுக்குள் அடங்க, தலை பின்பக்கம் பார்க்க இடுக்கிக்கொண்டு, உடம்பு தளரும் வரை உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு இறக்கிவிட வேண்டும். இளசுகளிடம் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. மூன்று வயது முரடனை இப்படித் தூக்கச் சொல்ல மாட்டேன், அதன் அலகும் உங்கள் கண்ணும் அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பழக்குவதற்குக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட சேவல், இன்னும் ரத்தம் பார்க்கவில்லை, வீட்டில் சிறு பிள்ளைகள் கூண்டுப் பக்கம் போவதில்லை என்றால் ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். மாத முடிவில் பாய்ச்சல் குறைந்திருக்க வேண்டும், வெறுமனே உங்களிடம் மட்டும் குறைந்திருந்தால் போதாது. இரண்டு வயது தாண்டி, பாய்வதே பழக்கமாகி, ஒவ்வொரு முறையும் ஆட்கள் ஓடியே பார்த்த சேவல் என்றால் நான் இந்த வழியில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

இரண்டாம் வழி: முள்ளை மழுக்குவது

இதை ஒரு தீர்வாக எண்ணக்கூடாது. சேவலின் குணம் மாறாது, அதன் ஆயுதம் மட்டும் மழுங்கும். ஆனால் மற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது பலிக்கும் வரை இதைச் செய்து வைப்பது நல்லது.

முள் வெறும் நகம் இல்லை. மாட்டுக் கொம்பைப் போல உள்ளே ரத்த ஓட்டமுள்ள எலும்புத் தண்டு, வெளியே கடினமான உறை. நுனியில் மட்டும்தான் உறை தனியாக இருக்கும். வெட்டினால் அந்த நுனியைத்தான் வெட்ட வேண்டும். எவ்வளவு தூரம் எலும்பு வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து துல்லியமாகத் தெரியாது, அதனால் வெட்டுவதைவிட அரம் வைத்துத் தேய்ப்பதே எனக்குப் பிடித்த முறை. கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். இருட்டில் அதற்குக் கண் தெரியாது, அதே சேவலை அப்போது துண்டில் சுற்றி எடுக்கலாம். ஒருவர் துண்டோடு மடியில் வைத்துக் காலைப் பிடிக்க, மற்றவர் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நுனியை உருண்டையாகத் தேய்க்க வேண்டும். நாய் நகம் வெட்டும் கருவி இருந்தால் நுனியில் ஒரு சின்னத் துண்டு எடுத்துவிட்டு மீதியைத் தேய்க்கலாம். தேய்க்கும்போது சூடேறும், நடுநடுவே நிறுத்துங்கள். ரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும், நிற்காவிட்டால் கால்நடை மருத்துவர்தான்.

சூடான உருளைக்கிழங்கை முள்ளில் குத்தி வைத்து, உறை இளகியதும் திருகிக் கழற்றும் முறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. உறை கழன்றால் உள்ளே இருப்பது பச்சைப் புண். சுற்றியுள்ள கால் தோலும் வெந்துபோகலாம். வேண்டாம்.

முள் திரும்ப வளரும், சில மாதத்துக்கு ஒரு முறை இந்த வேலை உண்டு. மழுங்கிய முள்ளாலும் அடித்தால் கன்றிப்போகும், அலகும் விரல் நகமும் அப்படியேதான் இருக்கும். அலகையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண்மணி ஒருவரின் காலில் சேவல் கொத்தி, அங்கே புடைத்திருந்த வெரிகோஸ் நரம்பு கிழிந்து, ரத்தப்போக்கில் அவர் இறந்துபோனது தடயவியல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. இது மிக அரிது. ஆனால் வயதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் இருக்கும் வீட்டில் "சேவல்தானே" என்று விடுவதற்கில்லை என்பதற்கு இது போதும். முள் குத்திய காயம் வெளியே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கண்ணருகே பட்டால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வழி: சேவலை விட்டுவிட்டு இடத்தை மாற்றுவது

பேச்சில் அதிகம் வராத வழி இது, என் மதிப்பில் பலருக்கு இதுதான் பொருத்தம். சேவல் நாளைக்கு எத்தனை முறை உங்களைச் சந்திக்கிறது? முட்டை எடுக்க, தண்ணீர் மாற்ற, தீனி போட, கூட்டிப் பெருக்க. இதில் முதல் மூன்றையும் உள்ளே போகாமலே செய்யலாம். முட்டைப் பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு மூடி வைத்துவிடுங்கள். தீனித் தொட்டியைக் கம்பிவலையை ஒட்டி வைத்து வெளியிலிருந்தே நிரப்புங்கள். தண்ணீருக்கு வெளியே ஒரு வாளி, உள்ளே குழாய். பெருக்கும் நேரத்துக்குச் சேவலைத் தள்ளி அடைக்க உள்ளேயே ஒரு சிறு தடுப்பும் கதவும். ஒரு வார இறுதி வேலை. பாயச் சந்தர்ப்பம் இல்லாவிட்டால் பாய்ச்சல் கேள்வியே எழாது, குஞ்சுக்கும் சேவல் இருக்கிறது.

கோழிகளை வெளியே மேயவிட்டுத்தான் வளர்ப்பேன் என்றால் இது ஒத்துவராது. அப்போது சேவலை மட்டும் அடைத்து வைக்கலாம். ஆனால் பெட்டைகள் கண்ணெதிரே திரிய, தான் மட்டும் கூண்டில் நிற்கும் சேவல் நாளெல்லாம் கம்பியோரம் நடந்து நடந்து இன்னும் வெறியேறும். துணைக்கு ஒரே ஒரு பெட்டையை உள்ளே விடுவது அந்தப் பெட்டைக்குச் செய்யும் கொடுமை. சேவல்கள் பல இருந்தால் அவற்றை மட்டும் சேர்த்து, பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் வைப்பது நன்றாகவே நடக்கிறது. போட்டி போடப் பெட்டை இல்லாதபோது, ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெரும்பாலும் சண்டையின்றி இருந்துவிடுகின்றன. இடமும் தீனிச் செலவும் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவை

குஞ்சுப் பருவத்தில் விதையெடுப்பது பற்றிச் சிலர் கேட்பார்கள். சேவலின் விதைகள் உடம்புக்குள்ளே, சிறுநீரகத்தை ஒட்டி இருக்கின்றன. விலா எலும்புகளுக்கு இடையே கீறி எடுக்க வேண்டும், அதுவும் சில வார வயதிலேயே. பாய்கிற வயதுக்கு வந்த சேவலுக்கு இது வழியே அல்ல, பிரிட்டன் போன்ற நாடுகளில் தடையும் உண்டு. மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் கண்மறைப்பு நேர்ப்பார்வையை மறைக்கும், பாய்ச்சலைக் குறைக்கலாம், ஆனால் காவலுக்கென்று வைத்த சேவலின் கண்ணை மறைப்பதில் அர்த்தமில்லை. கழுத்துப் பட்டை சத்தத்தைக் குறைக்கத்தான், குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இறுக்கிவிட்டால் மூச்சடைக்கும்.

நான்காம் வழி: வேறு வீட்டுக்கு அனுப்புவது

கேட்க நன்றாக இருக்கிறது, செய்யக் கடினம். எல்லோரிடமும் சேவல் மிச்சம். பொரிக்கிற குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவல், தேவைப்படுவதோ பத்துக்கு ஒன்று. பாய்கிற சேவல் என்பதை மறைத்துக் கொடுத்தால் நீங்கள் கைமாற்றியது சேவலை அல்ல, காயத்தை. சொல்லிக் கொடுத்தால் வாங்க வருபவர்களில் சண்டைக்கு விடுபவர்களும் இருப்பார்கள். "முரட்டுச் சேவல், இலவசம்" என்று எழுதிப் போடுவது அவர்களைக் கூப்பிடுவதற்குச் சமம். பெரிய மேய்ச்சல் இடமும் நிறையப் பெட்டைகளும் உள்ள, சிறு பிள்ளைகள் இல்லாத, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவர் கிடைத்தால் மட்டும் கொடுங்கள். அவரும் புதுச் சேவலைக் கூட்டத்தில் உடனே விடாமல் ஒரு மாதம் தனியே வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் மாறியதும் சில சேவல்கள் சாதுவாகிவிடுவது உண்மை, புது இடத்தில் அவை வரிசையின் கடைசியிலிருந்து தொடங்குகின்றன. அதை நம்பி அனுப்பலாம், உத்தரவாதம் கொடுக்க முடியாது.

ஐந்தாம் வழி: அறுப்பது

இதைப் பற்றிப் பேசுவதற்கே தயங்குபவர்கள் உண்டு. செல்லமாக வளர்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் குழந்தையின் முகத்தில் பாய்ந்த சேவலை வைத்துக்கொண்டு வழி தேடிக்கொண்டிருப்பதைவிட, அல்லது வெளிச்சம் படாத சிறு கூண்டில் ஆண்டுக்கணக்கில் அடைத்துப் போடுவதைவிட, இது அந்த உயிருக்கே கருணையான முடிவு என்று நான் நினைக்கிறேன். தெரிந்தவர் கையால், விரைவாக, மற்ற கோழிகளின் கண்ணில் படாமல் நடக்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் நீங்களே முயன்று பார்க்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் வலியின்றிச் செய்வார். மருத்துவர் ஊசி போட்டு முடித்த சேவலைச் சாப்பிடக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. சமைப்பதாக இருந்தால், அண்மையில் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அந்த மருந்துக்கான விலக்கு நாட்கள், அதாவது மருந்து இறைச்சியிலிருந்து நீங்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள், முடிந்த பிறகுதான். ஒரு வயது தாண்டிய சேவலின் இறைச்சி நார் நாராக இருக்கும், நிதானமான தீயில் நீண்ட நேரம் வேக வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது

ஐந்து வயதுக் குழந்தை கூண்டுப் பக்கம் நடமாடும் வீடு, சேவல் ஏற்கெனவே ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறது என்றால் பழக்குவது பட்டியலிலேயே இல்லை. அன்றே பிரித்து அடைக்க வேண்டும், அந்த வாரமே அனுப்புவதா அறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். குழந்தையின் கண் உயரமும் சேவல் எம்பும் உயரமும் ஒன்று.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, இளஞ்சேவல், சில வாரமாகத்தான் வால் ஆட்டுகிறது என்றால் முள்ளை மழுக்கிவிட்டு ஒரு மாதம் அமைதியான வழியில் பழக்கிப் பாருங்கள். முட்டைக்கு மட்டும் நான்கைந்து பெட்டை வைத்திருப்பவர் எந்த வழியையும் ஒப்பிட வேண்டியதில்லை, சேவல் இல்லாமல் இருக்கலாம். சேவல் போன பிறகு பெட்டைகளில் ஒன்று தலைமையை எடுத்துக்கொள்ளும், எப்போதாவது அபூர்வமாகக் கூவக்கூட முயலும்.

குஞ்சு பொரிக்க வைப்பவர், சேவல் நல்ல இனம், ஆனால் பாய்கிறது என்றால் சிக்கல் வேறு. இடத்தை மாற்றி அதை வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் முரட்டுத்தனம் ஓரளவு ரத்தத்தில் வருவது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் கூல், கிரெய்க், முல்லர் ஆகியோர் முரட்டுக் கோழிகளை ஒரு வழியாகவும் சாதுக் கோழிகளை ஒரு வழியாகவும் இனப்பெருக்கம் செய்து, சில தலைமுறையிலேயே இரண்டும் குணத்தில் பிரிந்துபோவதைக் காட்டி 1960-இல் எழுதினார்கள். கொண்டையும் நிறமும் நன்றாக இருக்கிறது என்று பாய்கிற சேவலிடமே குஞ்சு எடுத்தால், அடுத்த வருடம் இதே கேள்வியை நான்கைந்து சேவலுக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

மாற்றுச் சேவல் தேடும்போது, தாய்க்கோழியோடு கூட்டத்திலேயே வளர்ந்ததைப் பாருங்கள். அதன் தகப்பன் சேவல் உயிரோடு இருந்தால் அதன் அடைப்புக்குள் ஒருமுறை நீங்களே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடிந்தால் இரண்டு மூன்று இளஞ்சேவலாக எடுத்து, ஒரு வயது வரை பார்த்து, நல்லதை வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு தங்கும். ஆகவே பழைய சேவலைப் பிரித்த நாளிலிருந்து நான்கு வாரம் போகட்டும், அதுவரை வரும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இடுவதை அடை வையுங்கள்.